துளசிமணி கலந்த மஞ்சள்

உட்காருங்கள் அம்மணி. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இந்தக் கட்டிலிலேயே உட்காருங்கள். தண்ணீர் குடியுங்கள். பானைத் தண்ணீர்தான்.

மஞ்சள் டப்பாவைத் தருகிறேன். தரமாட்டேன் என்று நான் சொல்லவில்லை. போனில் நீங்கள் கேட்டபோதும் சரி என்றுதான் சொன்னேன். கால்நடைக் கல்லூரியிலிருந்து பஸ் மாறி மாறி வந்து, குடிமங்கலத்தில் இறங்கி, இந்த மேட்டுக்காட்டு வெயிலில் நடந்து வந்திருக்கிறீர்கள். ஒரு கரண்டி மஞ்சள்தூளுக்காக இவ்வளவு தூரம் யாரும் வந்ததில்லை. ஈரோட்டில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறதே என்று கேட்டேன். அதையெல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று, எங்கள் கோழி வளரவில்லை, உங்கள் வீட்டம்மா போட்ட மஞ்சள்தான் வேண்டும் என்றீர்கள்.

அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது. உங்கள் வீட்டம்மா போட்ட மஞ்சள். இப்போதெல்லாம் அவளைப் பற்றி யாரும் அப்படிச் சொல்வதில்லை. நல்ல மனுஷி, பாவம், போய்விட்டாள் என்கிறார்கள். அதோடு சரி.

அந்த டப்பாவை நீங்கள் கொண்டுபோய்ச் சோதித்து, மஞ்சள்தான், வேறொன்றும் இல்லை என்று ஒரு தாள் கொடுத்தால் கம்பெனிக்காரர்கள் எனக்கு மறுபடி குஞ்சு இறக்குவார்கள். இல்லையென்றால் அதோ தெரிகிறதே, அந்தக் கோழிச் சாளை, அது இப்படியே காலியாகக் கிடக்கும். உங்களுக்கும் அது தெரியும். அதனால்தான் சிரித்த முகமாக வந்தீர்கள். இருக்கட்டும். வெயில் தாழட்டும். எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன். அதையும் நீங்கள் எழுத வேண்டியிருக்கும் அல்லவா.

பிராய்லர் என்பது நம் கோழி இல்லை. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சாளை நம்முடையது, தண்ணீர் நம்முடையது, பாடு நம்முடையது. குஞ்சும் தீனியும் மருந்தும் கம்பெனியுடையது. வளர்ந்ததும் லாரி வந்து பிடித்துக்கொண்டு போகும். எடை வந்தால் கூலி. எடை வராவிட்டால் பேச்சு.

அப்போதெல்லாம் தீனி மூட்டையிலேயே பொடியைக் கலந்து அனுப்புவார்கள். மில்லிலேயே கலந்துவிடுவார்கள், நாங்கள் யாரும் பொடியைத் தனியாகக் கண்ணால் கண்டதில்லை. நோய் வந்த கோழிக்குக் கொடுக்கிற மருந்துதான் அது. நோய் வராத கோழிக்கும் தினம் கொஞ்சம் கொடுத்தால் மளமளவென்று வளரும். எப்படி வளர்கிறது என்று எங்கள் சூப்பர்வைசர் நந்தகோபாலைக் கேட்டேன். அவன் எதையும் விளையாட்டாகத்தான் சொல்வான்.

"கோழி வயித்துக்குள்ள பங்காளி இருக்கறானுங்ணா. கிருமி. திங்கற தீனில பாதிய அவன் வாங்கிக்குவான். பொடியப் போட்டம்னா பங்காளி செத்தான். பங்கு பூராவும் நம்ம கோழிக்குத்தான்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒன்றைக் கேட்டால் அதைப் படித்துப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றுவிட்டது. படிப்பு நிற்கவில்லை. நூலகத்தில் என்ன கிடைக்கிறதோ அது, பஸ் ஸ்டாண்டில் என்ன தொங்குகிறதோ அது. என் வீட்டம்மா துளசிமணி சொல்வாள், இவருக்குக் கடலை பொட்டலத்தில் கடலை முக்கியமில்லை, பொட்டலம்தான் முக்கியம் என்று.

அப்படி ஒரு விவசாயப் பத்திரிகையில் படித்தேன். பொடிக்குப் பங்காளி எல்லோரும் சாவதில்லை. கொஞ்சம் பேர் மிஞ்சுகிறார்கள். மிஞ்சியவன் பழகிவிடுகிறான். தினமும் நாலு அடி வாங்குகிற மாடு சாட்டைக்கு அசையாது பாருங்கள், அது மாதிரி. பிறகு அந்தக் கிருமி மனுஷன் உடம்புக்கு வந்தால், மனுஷனுக்குக் கொடுக்கிற மருந்துக்கும் அது கேட்காது. படித்துவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கம்பெனி வருஷத்துக்கு ஒருமுறை பண்ணைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் கல்யாண மண்டபத்தில் சாப்பாடு போடும். அங்கே எழுந்து நின்று சொன்னேன். பொடி இல்லாத தீனி கொடுங்கள், அதில் வளர்த்துக் காட்டுகிறேன் என்றேன். மாடு, சாட்டை எல்லாம் சொன்னேன். நந்தகோபால் மைக்கை வாங்கி, "ஆறுச்சாமியண்ணன் கோழிக்கெல்லாம் இனிமே சஷ்டி விரதமாம்" என்றான். மண்டபமே சிரித்தது. ஆனால் கம்பெனி முதலாளி சிரிக்கவில்லை. பொடி போடாத கோழி என்று பட்டணத்தில் தனியாக விற்கலாம் என்று அவருக்கு ஒரு யோசனை இருந்திருக்கிறது. சரி, உங்களுக்கு மட்டும் வெறுந்தீனி அனுப்புகிறோம் என்றார்.

துளசிமணியும் கூட வந்திருந்தாள். வீட்டு வாசலில் வண்டியை விட்டு இறங்கிய பிறகு, "சபையில சொல்லிப்போட்டீங்க. இனி எறங்க முடியாது" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. குழம்பில் உப்புக் கூடிப்போயிற்று என்பது மாதிரி சொன்னாள்.

முதல் பேட்ச் எப்படி வந்தது என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். ஒன்று கோழி மாதிரி இருந்தது, பக்கத்திலேயே ஒன்று காடை மாதிரி இருந்தது. கழிச்சல். தரையில் போட்டிருந்த தேங்காய் நார் மஞ்சியெல்லாம் ஈரம். லாரிக்காரன் எடை வைக்கும்போது நந்தகோபால் பக்கத்தில் நின்றான். அவன் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். "அண்ணா, இன்னொரு பேட்ச் இப்படி வந்தா குஞ்சு எறக்க மாட்டாங்க. நான் சொல்லித் தடுக்க முடியாது" என்று மட்டும் சொன்னான். துளசிமணி அவனுக்கு மோர் கொண்டுவந்து நின்றாள். கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

அன்று சாயங்காலம் நான் சாளைக்குள் போய் உட்கார்ந்தேன். ஊரில் தலைகாட்ட முடியாது. வெறும் சாளையில் உட்கார்ந்தால் நம் மூச்சே நமக்குக் கேட்கும். அவள் வந்தாள். எழுந்து வாங்க என்று சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னாள்.

"அடுத்த பேட்சுக்குத் தீனி நான் வெக்கறேன். நீங்க தண்ணியும் மஞ்சியும் பாத்துக்குங்க. மிச்ச நேரத்துக்குப் படிங்க."

அதுதான் ஆரம்பம்.

இரண்டாவது பேட்ச் வளர்ந்தது அம்மணி. பொடி போட்ட சாளைகளில் எப்படி வளர்ந்ததோ அப்படியே வளர்ந்தது. கொஞ்சம் கூடவே வளர்ந்தது என்றும் சொல்வார்கள். நான் ஒரு நாள் விடிகாலையில் போய்ப் பார்த்தேன். தீனியைத் தார்ப்பாயில் கொட்டி, ஒரு டப்பாவிலிருந்து எடுத்துத் தூவி, கையாலேயே பிசறிக்கொண்டிருந்தாள். மஞ்சளாக இருந்தது. என்ன போடுகிறாய் என்று கேட்டேன். கை நின்றுவிட்டது. பிறகு நிமிராமலே, "மஞ்சத்தூளுங்க மாமா" என்றாள்.

எனக்கு எப்படி இருந்தது என்று எப்படிச் சொல்வது. புண்ணுக்கு மஞ்சள் போடுகிறோம். சளிக்குப் பாலில் போடுகிறோம். கோழி வயிற்றுக்கு ஏன் கேட்காது? இத்தனை புத்தகம் படித்த எனக்குத் தோன்றாதது அடுப்படியில் நிற்கிறவளுக்குத் தோன்றியிருக்கிறதே என்று ஒரே சந்தோஷம். நூலகத்துக்குப் போய் மஞ்சளைப் பற்றி இருந்ததையெல்லாம் எடுத்துவந்து படித்தேன். எல்லாப் புத்தகத்திலும் மஞ்சள் கிருமியைக் கொல்லும் என்றுதான் இருந்தது. சரியாகப் போயிற்று.

அவளிடம் இரண்டு டப்பா இருந்தன. பேரன் குடித்த பால்மாவு டப்பாக்கள், ஒரே மாதிரி. ஒன்று அடுப்படியில் இருக்கும், குழம்புக்கு. இன்னொன்று சாளையில் இருக்கும். சாளை டப்பாவின் மூடியில், கீழே விழுந்து நசுங்கின ஒரு ஒடுக்கு உண்டு. அதை வைத்துத்தான் அடையாளம். ஒருமுறை அடுப்படியில் மஞ்சள் தீர்ந்துபோனதென்று நான் சாளை டப்பாவை எடுத்துவந்தேன். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். கோழி எச்சம் பட்ட டப்பாவைச் சமையலுக்கு எடுப்பார்களா என்று திட்டினாள். அவள் சுத்தம் அப்படி.

சாளைக்கான மஞ்சளை நந்தகோபால்தான் கொண்டுவந்து கொடுப்பான். அவன் மாமனார் வீடு ஈரோட்டுப் பக்கம். அக்காவுக்கு நல்ல மஞ்சள் என்று பையில் போட்டுக் கொண்டுவருவான். இவளை அக்கா அக்கா என்பான். வந்தால் என்னோடு நின்று பேசமாட்டான். அடுப்படிப் பக்கம் போய் அவளோடு ஏதாவது குசுகுசுப்பான். எனக்கு அவன் மேல் ஒரு கடுப்பு இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். மேடையில் என்னைக் கேலி செய்தவன். ஆனால் மஞ்சள் கொண்டுவந்து கொடுக்கிறானே என்று பொறுத்துக்கொண்டேன்.

அது ஈரோட்டு மஞ்சள் என்றுதான் சொன்னார்கள். ஆனால் கறை பிடிக்காத மஞ்சள். ஊரில் மற்றப் பெண்கள் கையைப் பார்த்தால் நகக்கண்ணெல்லாம் மஞ்சளாக இருக்கும். இவள் தினமும் அவ்வளவு பிசறியும், ஒரு தடவை கழுவினால் கை வெள்ளையாகிவிடும். வாடைதான் போகாது. சோறு போடும்போது, தலைவலிக்குத் தைலம் தேய்க்கும்போது, கிட்டே வந்தால் அந்த வாடை வரும். கசப்பான ஒரு வாடை. என்ன மஞ்சள் இது என்று கேட்டால், ஊருக்கு ஊர் மஞ்சள் வேறேங்க என்பாள். அதுவும் உண்மைதானே. மண்ணைப் பொறுத்துத்தான் எல்லாம்.

பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பூளவாடியிலிருந்து, பெதப்பம்பட்டியிலிருந்து. எவ்வளவு போடுகிறீர்கள் என்று இவளைக் கேட்பார்கள். "கைக்கு எவ்வளவு வருதோ அவ்வளவுதானுங்க" என்பாள். அவர்கள் போய்க் கொஞ்சம் கோழிக்கு வெறுந்தீனியில் மஞ்சளைப் போட்டுப் பார்ப்பார்கள். வளராது. துளசிமணிக்குக் கைராசி, அந்தக் கை வந்தால்தான் வளரும் என்று பேச்சாகிவிட்டது. சிலர் ஒரே ஒருநாள் வந்து எங்கள் தீனியைத் தொட்டுக் கொடுங்கள் அக்கா என்றுகூடக் கூப்பிட்டார்கள். இவள் போகமாட்டாள்.

உடுமலையில் ஒரு விவசாயக் கண்காட்சி. என்னை மேடையேற்றிப் பேசச் சொன்னார்கள். மஞ்சளைப் பற்றிப் பேசினேன். பொன்னாடை போர்த்தினார்கள். நீயும் வா, உன்னால் வந்த மரியாதை என்று கூப்பிட்டேன். வேலை கிடக்கிறது என்றுவிட்டாள். பொன்னாடையைக் கொண்டுவந்து அவள் தோளில் போட்டேன். மறுநாள் குஞ்சு இறக்கினார்கள், மேல்காற்று அடித்தது. குஞ்சுக்குக் குளிர் தாங்காது என்று அந்தப் பொன்னாடையைச் சாளை ஓரத்துக் கம்பி வலையில் கட்டிவிட்டாள். சரிகை போட்ட ஆடை. எனக்கு வருத்தம்தான். என்ன இப்படிச் செய்துவிட்டாய் என்றேன். "குஞ்சுகதான வளந்துச்சு, அதுகளுக்குத்தான் போர்த்தோணும்" என்றாள். சிரித்தேன். அவள் சிரித்தாளா என்று நினைவில்லை.

இன்னும் கொஞ்சம் தண்ணீர் வேண்டுமா? வேண்டாமா. சரி.

நாலைந்து வருஷம் இப்படிப் போயிற்று. நல்ல வருஷங்கள். பிறகு ஒரு நாள் தீனித் தட்டின் தகரம் அவள் விரலைக் கிழித்தது. வலது கை, ஆட்காட்டி விரல். தகரம் கிழிப்பது புதிதில்லை. அவள் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் அந்தக் கையாலேயே பிசறினாள். அப்புறம் விரல் வீங்கியது. நான் சாளையில் இருந்தேன், டப்பா பக்கத்திலேயே இருந்தது. மஞ்சள் வைத்துக் கட்டிவிடலாம் என்று மூடியைத் திறந்தேன். கையை இழுத்துக்கொண்டாள்.

"அது வேண்டாங்க மாமா. அடுப்படி மஞ்சளக் கொண்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. எச்சம் பட்ட டப்பா என்று மறுபடி ஆரம்பிக்கிறாள் என்று நினைத்தேன். கோழிக்கே இவ்வளவு கேட்கிற மஞ்சள் உனக்குக் கேட்காதா, எல்லாம் ஒரே மஞ்சள்தானே என்றேன். என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். நானே வைத்துக் கட்டினேன். மூன்று வேளையும் நானே கட்டினேன்.

காய்ச்சல் வந்தது. முழங்கை வரைக்கும் சிவந்தது. கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் சின்ன வயது, உங்களைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். நிதானமாகக் கேட்டார். கோழிப் பண்ணையா? ஆமாம். தீனியில் மருந்துப் பொடி கலப்பதுண்டா? அம்மா கையால் தொடுகிறார்களா? அதைப் பொறுத்துத்தான் எந்த மருந்தில் ஆரம்பிப்பது என்று பார்க்க வேண்டும் என்றார்.

நான் சொன்னேன். இந்த வட்டாரத்திலேயே பொடி போடாத சாளை எங்களுடையது ஒன்றுதான் என்று சொன்னேன். ஒரு சிட்டிகை கிடையாது, எல்லாம் மஞ்சள் என்றேன். கண்காட்சியையும் சொன்னேன், பொன்னாடையையும் சொன்னேன். மாடு, சாட்டையும் சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு இவள் பக்கம் திரும்பி, "அப்படித்தானாம்மா?" என்றார்.

படுத்திருந்தவள் என் முகத்தைப் பார்த்தாள். டாக்டரைப் பார்க்கவில்லை.

"அவரு சொல்றதுதானுங்க" என்றாள்.

சாதாரண மருந்தில் ஆரம்பித்தார்கள். இறங்கவில்லை. பிறகு ஒரு நாள் டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டு, கொடுக்கிற மருந்துக்குக் கேட்கவில்லை என்றார். அந்தச் சொல்லை நான் மண்டபத்தில் மைக்கில் சொல்லியிருக்கிறேன். கேட்காது என்று. அது நினைவுக்கு வந்தது. ஆனால் நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லையே என்றுதான் நினைத்தேன். அப்புறம் சோதனை வந்தது. இந்தக் கிருமி இந்த மருந்துகளையெல்லாம் முன்னாலேயே பார்த்துப் பழகின கிருமி என்றார். பொடி புழங்குகிற இடத்தில் இப்படி வருவதுண்டு, உங்களிடம் வர நியாயமில்லையே என்று அவரே யோசித்தார். மருந்தை மாற்றினார்கள். அதற்குள் ரத்தத்தில் கலந்துவிட்டது.

நான் ஒரு முடிவுக்கு வந்தேன். எங்களுக்கு மேல்காட்டில் பழனியப்பன் சாளை இருக்கிறது. எங்கள் பங்காளிதான். அவன் பொடித் தீனிதான் போடுகிறான். அங்கிருந்து காற்றில் வந்திருக்கிறது. மேல்காற்று. அவனோடு பேச்சை நிறுத்தினேன். எழவுக்கு வந்தவனை வாசலோடு அனுப்பினேன். உன் பொடிதான் என் பொண்டாட்டியைக் கொன்றது என்று நாலு பேர் முன்னால் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

அவள் கடைசியாகப் பேசியது கோழியைப் பற்றித்தான். பேச்சு குழறிக்கொண்டிருந்தது. நான் குனிந்து காதை வைத்துக் கேட்டேன். "கடை மஞ்ச வேண்டாம். நந்தகோபாலக் கேட்டு வாங்கிக்குங்க" என்றாள். இரண்டு தடவை சொன்னாள். சாகிற நேரத்திலும் சாளை நினைப்பு.

நந்தகோபால் எழவுக்கு வந்தான். எங்கள் பையனைவிட அவன்தான் அதிகமாக அழுதான். அண்ணா, அக்காவுக்கு நான் ஒரு காரியம் செஞ்சுட்டேன், உங்ககிட்டச் சொல்லோணும் என்றான். நான் அவன் தோளைத் தட்டி, நீ என்ன செய்தாய், மஞ்சள் வாங்கிக் கொடுத்தாய், அது புண்ணியம் அப்பா என்றேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு பந்தல் பக்கம் நகர்ந்தான். அந்த மாதமே வேலையை விட்டுவிட்டுக் கேரளப் பக்கம் போய்விட்டான் என்றார்கள்.

அவனைத் தேடிப் போய் மஞ்சள் கேட்க எனக்கு மனம் வரவில்லை. நானே ஈரோட்டுக்குப் போனேன். மண்டியில் கிழங்கை உடைத்துப் பார்த்து வாங்கி, அரைத்துக்கொண்டு வந்தேன். அவள் நின்ற இடத்தில் நின்று, அவள் பிசறின மாதிரியே பிசறினேன். என் கை மஞ்சளாயிற்று. நகமெல்லாம் மஞ்சள். கழுவினால் போகவில்லை. கோழி வளரவில்லை. அடுத்த பேட்சும் வளரவில்லை. கைராசி அவளோடு போய்விட்டது என்றார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ஒருவகையில் எனக்கு அது ஆறுதல் என்றுகூடச் சொல்லலாம். கோழிக்கே தெரிகிறது, அவள் இல்லை என்று. காலையில் நான் சாளைக்குள் போனால் அதுகள் என் காலைச் சுற்றாது. ஒரு மூலையில் ஒடுங்கி நிற்கும்.

கம்பெனி குஞ்சை நிறுத்திவிட்டது. அப்போதுதான் உங்கள் கல்லூரியிலிருந்து போன் வந்தது. நான் சரி என்று சொன்னேன்.

அதற்கு அப்புறம் ஒன்று நடந்தது. பெரிதாக ஒன்றும் இல்லை. போன வாரம் புது சூப்பர்வைசர் வந்தான். மஞ்சள் கிஞ்சள் எல்லாம் விடுங்க பெரியப்பா, இப்பல்லாம் மில்லுல கலக்கறதில்ல, கையில குடுத்தர்றோம், இதைக் கலந்து ஒரு பேட்ச் எடுங்க என்று சொல்லி, ஒரு பாக்கெட்டை இந்தக் கட்டிலில், நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில், வைத்துவிட்டுப் போனான். பொடி. இத்தனை வருஷம் அதைப் பற்றிப் பேசியிருக்கிறேனே தவிரப் பார்த்ததில்லை. பார்க்கலாமே என்று பிரித்தேன்.

மஞ்சளாக இருந்தது.

வாடை வந்தது. கசப்பான வாடை. அடுப்படியிலிருந்து அவள் வந்து பின்னால் நிற்கிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தேன் அம்மணி. திரும்பித்தான் பார்த்தேன். யாரும் இல்லை.

கொஞ்சம் உள்ளங்கையில் போட்டு, தண்ணீர் விட்டுத் தேய்த்தேன். கழுவினேன். கை வெள்ளையாகிவிட்டது. பாக்கெட்டை மடித்துக் கட்டினேன். மறுநாள் அவன் வந்து கேட்டபோது திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பிறகு மேல்காட்டுக்கு நடந்தேன். பழனியப்பன் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவன் பெண்டாட்டி பார்த்துவிட்டு உள்ளே போனாள். அவன் வந்தான். வா என்றான். உட்காரச் சொன்னான். மோர் கொடுத்தார்கள். ஏன் வந்தாய் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மழை இல்லை என்று கொஞ்ச நேரம் பேசினோம். வந்துவிட்டேன்.

அவ்வளவுதான். வெயில் தாழ்ந்துவிட்டது. சித்தெ இருங்கள், டப்பாவை எடுத்து வருகிறேன்.

இதோ. பால்மாவு டப்பா. துளசிமணி வைத்திருந்த டப்பாதான், அவள் கை பட்டதுதான். அதில் பொய் இல்லை. ஒரு கரண்டி என்ன, டப்பாவோடு கொண்டுபோங்கள். முகர்ந்து பாருங்கள், மஞ்சள் வாசம். விரலால் தொடுங்கள், பிடித்துக்கொள்ளும். சோப்புப் போட்டாலும் லேசில் போகாது.

மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறீர்கள். ஒடுக்கைத் தேடுகிறீர்களா? அதை நான் தட்டி எடுத்துவிட்டேன்.

அப்படிப் பார்க்காதீர்கள் அம்மணி. உங்கள் தாளில் என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லக் கூடாது. ஆனாலும் சொல்கிறேன். மஞ்சள் போட்டால் கோழி எடை ஏறாது என்று எழுதுங்கள். ஆறுச்சாமி மேடையில் பேசியது தப்பு, யாரும் அதைக் கேட்டு மஞ்சளைக் கொட்ட வேண்டாம் என்று எழுதுங்கள். என் பெயரைப் போட்டே எழுதுங்கள். குஞ்சு வராது. வரவேண்டாம், அந்தச் சாளையில் இனி எனக்கு வேலை இல்லை.

துளசிமணி தீனியில் என்ன கலந்தாள் என்று ஒரு கட்டம் இருக்கும் அல்லவா, அதில் மட்டும் மஞ்சள் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.